வட்டத்தில் நின்றவன்

லூசியன் 'பதினொன்று' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வடக்கே பனி கொட்டும் ஊரின் அணி அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அந்த வார்த்தை அவன் வாயில் வரவில்லை. ஜனவரியிலிருந்து பெரிய வெள்ளி வரை அந்த வீட்டை ஆட்டிவைத்தது இதுதான். நான் கிளோவிஸ். லூசியனின் அப்பா ரோலானிடம் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற கால்பந்து ஆட்டம் நடக்கும்போதெல்லாம், ஓரக்கோட்டில் நின்று பந்து நகர்ந்த தூரத்தை அளக்கிற பத்து கஜச் சங்கிலி பிடிப்பவனும் நான்தான். ஆகவே அந்த வீட்டைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

எங்கள் ஊர் லாக் நுவாரில் நெல் அறுத்த வயலில் அக்டோபரில் மறுபடி தண்ணீர் கட்டுவோம். சேற்றுக்குள் வளை தோண்டிப் படுத்திருக்கும் சிவப்பு இறால்கள் மேலே வரும். குளிர்காலம் தொடங்கி மே மாதம் வரை அதுதான் பிழைப்பு. வயலெங்கும் கம்பிக்கூடுகளை வரிசையாக நட்டு, தட்டையான அலுமினியப் படகில் போய், ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டி, மீன் துண்டை இரையாகப் போட்டுத் திரும்ப நடவேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுகள். அந்த இரை மீனின் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. என் மனைவி உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் லூசியன் வீட்டுக்கு வந்தான். ஒரு பை, ஒரு பந்து, அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் ரப்பர் பூட்சு மாட்டிக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தான். ஊரே, ஏன், நாடே அவனைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

நடந்தது இவ்வளவுதான். புத்தாண்டை ஒட்டி நடந்த பெரிய ஆட்டம். லூசியன் கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக். யார் எங்கே ஓடுவது, பந்து யாருக்குப் போவது என்று சொல்கிறவன். பந்து கைக்கு வருமுன் அணியின் பதினொரு பேரும் தலையோடு தலை சேர்த்து வட்டமாக நிற்பார்கள். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கலைவார்கள். கடைசி ஒன்பது விநாடி, நாலு புள்ளி பின்னால் இருக்கிறார்கள், எல்லைக்கோட்டுக்கு இருபது கஜம். லூசியன் வட்டத்தை ஒரு சுற்று பார்த்தான். ஒரு பையனின் தோளைத் தட்டி வெளியே போ என்றான். அவன் குழம்பிப்போய் ஓரத்துக்கு ஓடினான். மீதிப் பத்துப் பேர் கோட்டில் நின்றார்கள். இடது பக்கம் காலி. லூசியன் நாலு அடி பின்னால் போய், இடது மூலைக்கு, ஈ காக்கை இல்லாத இடத்துக்கு, பந்தை எறிந்தான். நாற்பது வருஷமாக ஆட்டம் பார்க்கிறவன் நான். அப்படி ஒரு அழகான எறியைப் பார்த்ததில்லை. பந்து புல்லில் விழுந்து இரண்டு முறை துள்ளிவிட்டு நின்றது.

தோற்று ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஏன் பத்துப் பேரை வைத்து ஆடினாய் என்று கேட்டார்கள். "பன்னெண்டு பேரு நின்னாங்க. ஒருத்தர அனுப்ப வேண்டியிருந்துது" என்றான். வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வட்டத்தில் பதினொரு பேர்தான். சூதாட்டக்காரர்களிடம் கைநீட்டிவிட்டான் என்றார்கள். விசாரணை வைத்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. தலையில் அடிபட்டிருக்கும் என்று படம் எடுத்துப் பார்த்தார்கள், மூளை பளிங்கு மாதிரி இருந்தது. பிறகு பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா. இறால் மூட்டையை இறக்கும் கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டு நிற்கும் கும்பல் அவனைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடும்.

"பன்னெண்டுன்னா அப்போஸ்தலர் கணக்கு சரியாத்தான்யா வருது."

"அதுல யூதாஸு யாருன்னுதான் ஊருக்கே தெரியுமே."

"டேய் லூசியன், இந்த மூட்டைய எண்ணிச் சொல்லேன். உன் கணக்குல எனக்கு ரெண்டு கூடக் கெடைக்கும்."

கொட்டகையில் இறால்களைப் பெரிது சிறிது பிரிக்கிற மேசையில் நிற்பவள் இனெஸ் அக்கா. யாருக்கும் பயப்படாதவள். ஒருநாள் கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தாள்.

"வாயில என்னத்த வச்சிருக்கீங்க, இரை மீனா? பையன் வேல செய்ய வந்திருக்கான். ஒங்களுக்கு வேல இல்லன்னா வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட பேசுங்க. அவளுவளாவது சிரிப்பாளுவ."

கும்பல் கலைந்தது. ஆனால் லூசியன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு விறுவிறுவென்று வண்டியில் ஏறிக்கொண்டான். இனெஸ் அக்காவின் ஒரே மகன் மார்செல். லூசியனும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் மார்செல் செத்துப்போனான்.

பிப்ரவரியில் மூடுபனி இறங்கியது. எங்கள் பக்கத்து மூடுபனி விடிந்து மூன்று மணி நேரம் ஆனாலும் விலகாது. படகின் மூக்கு தெரியாது. கூடுகளின் கழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வெளியே வரும். அப்படி ஒரு காலை, எட்டு மணி இருக்கும், நடு வயலில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த தொத்திறைச்சியைப் பிரித்தேன். லூசியன் சாப்பிடவில்லை. பையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"தண்ணில போட்டுத் தொலைச்சிராத. நான் எறங்கி எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றேன்.

"தண்ணில விழாது மாமா."

"ஆமா, மேகத்துல ஒட்டிக்கும்."

அவன் சிரிக்கவில்லை. படகு ஆடாமல் காலை ஊன்றிக்கொண்டு எறிந்தான். பந்து வெள்ளைக்குள் போய் மறைந்தது. நான் வாயில் இருந்ததை மெல்லாமல் காது கொடுத்தேன். தண்ணீர் தெறிக்கிற சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. சங்கிலி பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும்போது ஆயிரம் தடவை கேட்ட சத்தம். ஓடி வருகிறவன் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும்போது தொப்பென்று ஒன்று கேட்குமே, அதேதான்.

"யாருடா அங்க?" என்று கத்தினேன். 

"கத்தாதீங்க மாமா. மார்செல்தான்."

"என்னடா ஒளறுற?"

"அன்னிக்கு வட்டத்துலயும் அவன்தான் நின்னான். நம்ம பள்ளிக்கூடப் பச்சைச் சட்டை. பாத்ததும் தெரிஞ்சுது. பயமே இல்ல மாமா. இவ்வளவு லேட்டா வர்றானேன்னுதான் கோவம் வந்துது. ஒருத்தரு அதிகமா இருக்கு, ஒருத்தர வெளிய அனுப்பணும். அவனப் போன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்? பக்கத்துல நின்ன புதுப் பையன அனுப்பிட்டேன். அப்புறம் எப்பவும் போல எடது மூலையில ஓடுவான்னு எறிஞ்சேன். ஓடுனான். ஆனா பந்து அவன் கையில நிக்கல. அங்க வெளிச்சம் அதிகம், அதனாலயோ என்னவோ. இங்க பிடிச்சிர்றான்."

 எஞ்சினைப் போட்டு நேரே கரைக்கு விட்டேன். வயலைச் சுற்றிய மண் வரப்பில் பந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை.

மார்செல் செத்த நாளில் நானும் மைதானத்தில் இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனில்லை. ஆகஸ்ட் மாதம், நெல் அறுப்பு நேரம், தார் உருகுகிற வெயில். பள்ளி அணிக்கு இருபது ஓட்டம் உண்டு. மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை எல்லோரும் சேர்ந்து ஓடவேண்டும். கேப்டன் உரக்க எண்ணுவான். ஒருத்தன் பின்தங்கினாலும் கேப்டன் மறுபடி 'ஒண்ணு' என்று ஆரம்பிக்கவேண்டும். இருபது முடியும்வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது. காலகாலமாக அப்படித்தான். நானும் அந்த மைதானத்தில் அப்படி ஓடியவன்தான். அன்று கேப்டன் லூசியன். பதினேழில் மார்செல் முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றுவிட்டான். கோச் நிழலில் நின்றபடி லூசியனைப் பார்த்தார். லூசியன் 'ஒண்ணு' என்றான். மார்செல் நிமிர்ந்து ஓடினான், நாலு எட்டு. பிறகு விழுந்தான். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டான். நான் அப்போது ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என் வண்டியில் ஒரு பெரிய குடுவை நிறையத் தண்ணீர் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. கோச் வேறு ஊருக்குப் போய்விட்டார். கேப்டன் எண்ணியதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

மார்ச்சில் வீட்டுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று வடக்கு அணியிலிருந்து. ஏப்ரல் கடைசியில் பெரிய அணிக்காரர்களெல்லாம் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குள் ஆளனுப்பி நேரில் பார்க்கிறோம் என்றார்கள். இன்னொன்று கனடாவிலிருந்து. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கை நன்றாக இருந்தால் வா என்றார்கள். ரோலான் கனடாவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

"கனடாவாம் கனடா. அங்கயெல்லாம் வயசாகிப் போனவன் ஆடுறதுக்குப் போவான். நம்ம பய எறிஞ்ச எறிக்கி அது என்ன கேடா? வடக்க போறான், ஆடுறான், இந்த ஊருப் பயலுக மூஞ்சில கரியப் பூசுறான்."

லூசியனின் அம்மா வெர்னா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். ரோலான், லூசியன், நான், அவள் என்று நாலு பேர்தான். ஐந்து தட்டு வைத்திருந்தாள். லூசியன் வந்ததிலிருந்தே இப்படித்தான், ஐந்தாவதைப் பார்த்ததும் திரும்ப எடுத்து அடுக்கில் வைப்பாள். பள்ளி நாட்களில் மார்செல் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் சாப்பிடுவான். கை பழகிய பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

வடக்கு அணியின் ஆள் டோலன் பெரிய வெள்ளியன்று மத்தியானம் வந்தார். அவருக்கு எங்கள் நாள் கிழமை தெரியாது. பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் யாரும் வயலில் கால் வைப்பதில்லை. அன்று மண்ணைக் கிளறினால் ரத்தம் கசியும் என்பார்கள். நம்பாதவனும் மீறமாட்டான். படகுகள் கரையில் குப்புறக் கிடக்கும். வீட்டுக்கு வீடு இறால் அவிப்பார்கள். ரோலான் கொல்லையில் பெரிய அண்டாவை ஏற்றி, மிளகாயும் எலுமிச்சையும் போட்டு, உருளைக்கிழங்கு, சோளக்கதிரோடு ஒரு மூட்டை இறாலை அவித்து, மேசையில் செய்தித்தாள் விரித்து அப்படியே கொட்டினான்.

டோலன் நல்ல மனுஷர். பளபளவென்று பூட்சு. இறாலை எப்படித் தின்பது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

"தலையத் திருகுங்க சார். இழுங்க. இப்ப வாலை அமுக்குங்க. அம்புட்டுத்தான்" என்றான் ரோலான். "அஞ்சாவது இறால்ல கை தானா படிஞ்சிரும்."

"காரம்!"

"காரமா? வெர்னா, சாருக்குத் தண்ணி குடு. இது சின்னப் புள்ளைங்களுக்குப் போடுற காரம் சார்."

சிரித்தோம். கொஞ்ச நேரத்துக்கு அது சாதாரண வீடு மாதிரி இருந்தது. பிறகு டோலன் கையைத் துடைத்துக்கொண்டு லூசியனைப் பார்த்தார்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. ஒன் கை மாதிரி ஒரு கை இந்த வருஷம் யாருக்கும் இல்ல. ஆனா ஒன் பேரச் சொன்னாலே சனம் சிரிக்குது. எங்க மொதலாளிக்கு ஒரே ஒரு வெசயம்தான் வேணும். நிருபருங்க முன்னாடி உக்காந்து, அன்னிக்கு எண்ணினதுல தப்பு, பதினொண்ணுதான் நின்னாங்கன்னு சொல்லிடு. ரெண்டு நாள் எழுதுவாங்க, மறந்துருவாங்க. நாங்க ஒன்ன எடுத்துக்கிறோம்."

"அவ்வளவுதான?" என்றான் ரோலான். "சொல்லிட்டாப் போச்சு. டேய், சொல்றேன்னு சொல்லுடா."

லூசியன் ஒரு இறாலை எடுத்தான், திருகாமல் கீழே வைத்தான்.

டோலன் நாற்காலியில் சாய்ந்து வயல் பக்கம் பார்த்தார். "அந்தப் பையனும் வந்து சாப்பிடட்டுமே. இதுல ரகசியம் ஒண்ணும் இல்லியே."

"எந்தப் பையன்?" என்றாள் வெர்னா.

"வரப்புல நிக்கிறான்ல, பச்சைச் சட்டை. நான் வண்டிய நிறுத்தினப்போ கையக் காட்டினான். ஒங்க வேலையாளுன்னு நெனச்சேன்."

வெர்னா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் வரப்பைப் பார்த்தேன். வெயில் பளிச்சென்று அடித்தது. தண்ணீர், கூடுகள், இரண்டு கொக்கு. வேறு யாரும் இல்லை.

"இன்னிக்கி எவனும் வயல்ல எறங்கமாட்டான் சார்" என்றான் ரோலான். அவன் குரல் இறங்கிவிட்டது.

லூசியனின் முகத்தில் ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "சார், வண்டிய விட்டு எறங்குனதுலேர்ந்து இந்த எடத்துல மொத்தம் எத்தன பேரப் பாத்தீங்க?"

"நீங்க நாலு பேரு. அந்தப் பையனோட அஞ்சு."

"நாலுன்னு சொல்லுங்க."

"என்ன?"

"எண்ணினதுல தப்பு, நாலு பேருதான்னு சொல்லிடுங்க சார். எங்க அப்பா அம்மாவுக்கு நிம்மதியா இருக்கும்."

டோலன் சொல்ல வாயெடுத்தார். மறுபடி வரப்பைப் பார்த்தார். அவர் கண் ஒரு இடத்தில் போய் நின்றது. எங்களுக்குத் தெரியாத எதையோ அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவர் கழுத்தில் வேர்வை அரும்பியது. நாலு என்று அவர் சொல்லவே இல்லை. வியாழக்கிழமை வரை நேரம் தருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் போய் வண்டியில் ஏறினார். போகும்போது வரப்புப் பக்கம் திரும்பவில்லை.

வண்டி மறைந்ததும் ரோலான் வெடித்தான்.

"செத்தவனுக்காக நீ வாழாம கெடப்பியாடா? ஒரு வார்த்த! ஊரு ஒலகத்துல எவன் பொய் சொல்லல?"

"பதினொண்ணுன்னு சொன்னா அவன் வரலைன்னு ஆயிரும்ப்பா. ஏற்கெனவே ஒரு தடவ அவன எண்ணாம விட்டுட்டேன்."

"அப்ப என்னதான் பண்ணப் போற? காலம் பூரா கூடு தூக்கப் போறியா?"

"கனடாவுக்குப் போறேன்." சின்னப் பிள்ளை மாதிரி கண் மின்னச் சொன்னான். "அங்க ஆட்டத்துல பக்கத்துக்குப் பன்னெண்டு பேருப்பா. வட்டத்துல பன்னெண்டு பேரு நிக்கலாம். யாரையும் வெளிய அனுப்ப வேணாம். அவனுக்கும் எடம் இருக்கு."

வெர்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோலான் பெஞ்சில் உட்கார்ந்தான். முரட்டு ஆள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் அன்று எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் கணக்கு தெளிவாக இருந்தது.

"மகனே, அந்த ஊர்லயும் பன்னெண்டு பேரு உசுரோட வந்து நிப்பான். மார்செல் வந்தா பதிமூணு. அப்பயும் நீ உசுரோட இருக்கிற ஒருத்தன் தோளத் தட்டித்தான் வெளிய அனுப்புவ. அவங்க பன்னெண்டு வச்சாலும் இருபது வச்சாலும் நீ ஒருத்தன அனுப்பிக்கிட்டேதான் இருப்ப."

லூசியனின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. அவன் எழுந்து போய் அண்டாவின் அடியில் தீயை மிதித்து அணைத்தான். 

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். "மாமா, இனெஸ் அத்தை வீட்டுக்குப் போகணும். தனியாப் போகக் கால் வரல."

கூட்டிக்கொண்டு போனேன். இனெஸ் அக்கா கொல்லைப்புறச் சமையலறையில் உயிர்த்த ஞாயிற்றுக்காக அத்திப்பழ கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாலு வருஷமாச்சு இந்த வாசப்படி மிதிச்சு. உக்காருங்க. கிளோவிஸ், அந்த நாற்காலி காலு ஆடும், பாத்து."

லூசியன் உட்காரவில்லை. "அத்தை, அன்னிக்கு மறுபடியும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சது நான்தான். அவன் குனிஞ்சு நின்னதப் பாத்தேன். அவனால முடியலன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொன்னேன்."

அவள் மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்டா கண்ணு. அன்னிக்கு ஓடுன இருபத்தெட்டு பயலும் ஒவ்வொருத்தனா வந்து எங்கிட்ட சொல்லிட்டான். நீ வந்து சொல்லுவேன்னுதான் உக்காந்திருக்கேன்."

"நானும் அங்கதான் இருந்தேன் அக்கா" என்றேன். "வண்டியில தண்ணி இருந்துது."

"அதுவும்தான் தெரியும்" என்றாள். மறுபடி லூசியன் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடித்திருந்தால் தேவலை.

லூசியன் வட்டத்தைச் சொன்னான், மூடுபனியைச் சொன்னான், டோலன் பார்த்ததைச் சொன்னான். மார்செல் எப்போதும் தன்னோடுதான் இருக்கிறான் என்று சொன்னான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பான். அவள் கை நின்றது.

"ஒங்கூடவா?"

"ஆமா அத்தை."

"வரப்புல நின்னானா?"

"ஆமா."

"அங்கேருந்து எங்க வீட்டுக்குக் கால் மைல்தானடா." குரல் உடைந்தது. "நான் கதவத் தாழ் போட்டதே இல்ல. வருவான் வருவான்னு நாலு வருஷம். ஒரு தடவ கூட வரலியே. ஒங்கூட ஆட்டம் ஆடுறானாம், பந்து பிடிக்கிறானாம். பெத்தவ நான் இங்க சாப்பாட்ட மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நான் வேணாம்னு சொல்லல அத்தை..."

"நீ விட்டாத்தான வருவான்! நீதான கேப்டன்? ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்ச. முடிச்சியா? இருபது ஆகாம எவனும் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கீங்கள்ல? என் புள்ள இன்னும் ஓடிக்கிட்டு இருக்கான்டா. எண்ணி முடி. என் புள்ளைய அனுப்பு."

 லூசியன் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனான். அகலமான முற்றம், சரளைக்கல் போட்டது. இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் பீக்கன் மரம். நடுவில் நின்றுகொண்டு, மைதானத்தில் எண்ணுகிற அதே குரலில் எண்ணினான்.

"ஒண்ணு!"

சரளையில் காலடி கேட்டது. வேலியிலிருந்து மரம் வரை ஓடியது. அக்காவின் நாய் எழுந்து, வாலைக் கால்களுக்கிடையில் விட்டுக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போய்ப் படுத்தது.

"ரெண்டு! மூணு!"

அங்கும் இங்கும் ஓடியது. கல் தெறித்தது. பத்துக்குப் பிறகு மூச்சு வாங்குவதும் கேட்டது. நான் வாசற்படியின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் எரிகிறது, முற்றத்தில் லூசியனைத் தவிர யாரும் இல்லை. இனெஸ் அக்கா கையில் மாவோடு நின்று அந்தக் காலடிச் சத்தம் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு! பதினேழு!"

நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது, குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வாங்குகிற மூச்சு.  அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவன் காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேக்குக்காகச் சூடேற்றி வைத்த காலி அடுப்பிலிருந்து கருகிய வாடை வந்தது, யாரும் நகரவில்லை.

"பரவால்லடா" என்றான் லூசியன். "நடந்தே வா. நான் இங்கதான் நிக்கிறேன்."

சரளை மெல்ல நொறுங்கியது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு.

"பதினெட்டு."

"மெதுவா" என்றான் லூசியன்.

"பத்தொம்பது."

கடைசி ஓட்டம் மரத்திலிருந்து வேலிக்குப் போகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பியது. என்னைக் கடந்தபோது புல்லும் வேர்வையும் கலந்த வாடை, ஆகஸ்ட் மைதானத்தின் வாடை அடித்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"இருபது" என்றான் லூசியன். "முடிஞ்சுது. வீட்டுக்குப் போ."

வலைக்கதவு திறந்து மூடிக்கொண்டது. இனெஸ் அக்கா எங்களைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனாள். குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. லூசியன் சரளையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். நான் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினேன்.

வியாழக்கிழமை டோலனைக் கூப்பிட்டு, அன்று நின்றது பன்னிரண்டு பேர்தான், மாற்றிச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டான். டோலன் மறுபேச்சுப் பேசவில்லையாம். ரோலான் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கனடாக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தான். வெர்னா நாலு தட்டுதான் வைக்கிறாள், லூசியன் போன பிறகு மூன்று. இனெஸ் அக்கா கொட்டகையில் மணி நாலானால் கையுறையைக் கழற்றிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுகிறாள். இருட்டினால் இப்போது கதவைத் தாழ் போடுகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை நான் மூடுபனியில் படகை நிறுத்திப் பார்த்தேன். வெறும் மூடுபனிதான்.

ஜூன் மாதம் கனடாவில் அவனுடைய முதல் ஆட்டம். எங்கள் ஊர் டிவியில் அதெல்லாம் வராது. மறுநாள் மத்தியானம் வயலில் களத்துமேட்டில் நான் கூடு காயவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றான். மூன்று எறி எல்லைக்கோட்டைத் தாண்டியது என்றான். சந்தோஷம் என்றேன். அவன் போனை வைக்கவில்லை.

"என்னடா?"

"ஒவ்வொரு வட்டத்துலயும் எண்ணிப் பாத்தேன் மாமா. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும். பன்னெண்டுதான்."

"சரியாத்தான இருக்கு?"

"எல்லாரும் உசுரோட இருக்கிறவங்க மாமா" என்றான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

 அவன் அழுது முடிக்கிறவரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.